நெத்திலி அவியல் தின்னா சைவமா?

வேளிமலை: நேத்து ஒருத்தரு எழுதியிருந்தாரு, தை பொறந்ததுல இருந்து இறைச்சிய விட்டாச்சாம், ஒடம்பு பஞ்சு மாதிரி இருக்காம், எல்லாரும் சைவத்துக்கு மாறணுமாம். கீழ படம் வேற, மரச்சீனி கெழங்கும் நெத்திலி அவியலும். நெத்திலி என்ன கொடியிலயா காய்க்கு?

கடலோரத்தான்: அந்த ஒருத்தரு நான்தான் வே, பேரச் சொல்லியே எழுதுமே. இறைச்சிய விட்டேன்னுதான் சொன்னேன், மீனு இறைச்சியா? எங்கம்மைக்கு இறைச்சின்னா ஆடு மாடு கோழி, மீனுன்னா மீனு. அதும் இது அவியல், மாங்கா தேங்கா எல்லாம் கெடக்கு.

வேளிமலை: கூடவே நெத்திலியும் கெடக்கு.

தோவாளைப்பூ: வள்ளுவரு ஒரு அதிகாரமே புலால் மறுத்தல்னு எழுதி வச்சிட்டு, நம்ம ஊருல 133 அடியில நிக்காரு. அவருக்க கண்ணு முன்னாலயே இந்தக் கூத்து.

கடலோரத்தான்: அக்கா, அவரு நிக்கது கடலுக்குள்ள. சுத்தி நீந்துதது கத்திரிக்காயா?

கருங்கல்காரன்: சைவம் நல்லதுதான், ஆனா பி12 வைட்டமின் செடிகொடியில கெடைக்காது, பாலு தயிரு முட்டைன்னு எதாவது வேணும். எங்க மயினி அதையும் விட்டுட்டு கை கால் மரத்துப்போயி ஊசி போட்டுக்கிட்டு கெடந்தா.

தோவாளைப்பூ: ஒங்க மயினி கதைய யாரு கேட்டா? நான் 11 வருசமா சுத்த சைவம், நெதம் பாலும் தயிரும் உண்டு, ஒரு ஊசியும் போடல.

கடலோரத்தான்: அதான் சொல்லுதேன், எனக்கு பி12 அவியல்லயே கெடைக்கு.

வேளிமலை: அப்ப அது சைவம் இல்லன்னு நீரே ஒத்துக்கிட்டீரு.

கடலோரத்தான்: எங்க ஒத்துக்கிட்டேன்? அவியல்ன்னேன். வருசத்துல 61 நாள் மீன்பிடி தடைக்காலம், அப்ப எங்க ஊரே சைவந்தான், நீரு இருப்பீரா?

வேளிமலை: தடை விசைப்படகுக்குத்தான், நாட்டு வள்ளம் போவும். நீரு ஜூன் மாசத்துல சாளை மீனு வாங்கிட்டு வடசேரியில நின்னத நான் பாத்தேன்.

கடலோரத்தான்: தடை தொடங்குதது குளச்சல் துறைமுகத்துக்கு ஜூன் 1, சின்னமுட்டம் துறைமுகத்துக்கு ஏப்ரல் 15. ஜூன் பாதியில சின்னமுட்டத்துல தடை முடிஞ்சிரும், அந்தச் சாளை அங்க உள்ளது. இதுகூட தெரியாம மலையில இருந்துக்கிட்டு மீனுக்கு நியாயம் பேச வந்துட்டாரு. போன ஓணத்துக்கு எங்க வீட்டுல வந்து நெத்திலி அவியல ரெண்டு தடவ கேட்டு வாங்கித் தின்ன ஆளு யாருன்னு சொல்லட்டா?

வேளிமலை: தின்னேன். சைவம்னு சொல்லித் தின்னேனா?

கருங்கல்காரன்: அவியலுக்கு புளி விடுவீங்களா மாங்காயா? எங்க பக்கம் புளிதான்.

கடலோரத்தான்: புளி விட்டா அது அவியலே இல்ல.