வண்டிப் பதிவேட்டில் சந்தேகம்: யாரிடம் கொண்டுபோவது?

எல்லோருக்கும் வணக்கம். தணிக்கை வேலையில் இருக்கிறவர்கள், இருந்து ஓய்வு பெற்றவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

ஓர் அரசு அலுவலகத்தில் வண்டிகளின் லாக்புக்கைச் சரிபார்ப்பது என் வேலை. மூன்று மாதமாக ஒரு வண்டி மட்டும் கண்ணை உறுத்துகிறது. விடுமுறை நாள்களிலும் டீசல் போட்ட ரசீது இருக்கிறது. பயண நோக்கம் என்ற கட்டத்தில் ‘அலுவல் பணி’ என்று மட்டும், ஒரே மையில், நாலு வாரத்துக்கும் ஒரே மூச்சில் எழுதியதுபோல. கிலோமீட்டர் எண்கள் எல்லாம் பூஜ்யத்தில் முடிகின்றன. ஓடுகிற மீட்டர் அப்படிக் காட்டாது.

ஓட்டுநர் தலையில் பழி விழக்கூடாது என்பதுதான் என் பெரிய கவலை. சொன்ன இடத்துக்கு ஓட்டியவர் அவர், அவ்வளவுதான்.

பொதுச் சொத்தை ஊழியர் வேறு வழிக்குத் திருப்புவதைக் குற்றமாக்க வேண்டும் என்கிறது 2003-இல் ஏற்கப்பட்ட ஐ.நா. ஊழல் எதிர்ப்பு உடன்படிக்கையின் 17-ஆவது பிரிவு. சரி, தகவல் கொடுப்பவருக்கு? 33-ஆவது பிரிவு பாதுகாப்பைப் பரிசீலிக்கத்தான் சொல்கிறது. தயக்கம் அதனால்தான்.

முதலில் உள்தணிக்கைப் பிரிவிடம் போவதா, நேரே கண்காணிப்பு அமைப்பிடம் போவதா? பெயர் போடாத புகாரை எடுத்துக்கொள்வார்களா? அப்புறம், பக்கங்களைப் படம் எடுத்து வைத்துக்கொண்டால் அதுவே விதிமீறல் ஆகிவிடுமா? இப்படிப் புகார் கொடுத்து அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். அடுத்த தணிக்கைக்குள் அந்தப் பதிவேட்டையே மாற்றி எழுதிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.