வாடி நிற்கும் சோளப்பயிரை ஆடு மாட்டுக்குக் கொடுக்கலாமா?

ஓமலூர் மானாவாரி:
ஆடியில விதைச்ச சோளம். முழங்கால் உயரத்துல மழை நின்னுபோச்சு, இலையெல்லாம் சுருண்டு நிக்குது. மேச்சேரி ஆடு 25, கறவை மாடு 2. பழைய சோளத்தட்டு தீர்ந்துபோச்சு. பயிர்ல அப்படியே மேய விடலாமா? பக்கத்துத் தோட்டத்துல மரவள்ளி பிடுங்குறாங்க, தழையையும் போடலாமா?

தீவனக்காரர்:
தயவுசெய்து மேய விடாதீங்க. இளஞ்சோளத்துல துர்ரின்னு ஒரு பொருள் இருக்கு. வறட்சியில அது கூடும். ஆடு கடிச்சு மெல்லும்போது அதிலிருந்து சயனைடு பிரியும். பசியோட அவுத்துவிட்ட ஆடு வேகமா மேயும், அதுதான் முதல்ல விழும். பாதி பயிர் பூத்த பிறகு அறுத்தா பயம் குறைவு. பூக்காதுன்னு தெரிஞ்சா அறுத்து, மெல்லிசாப் பரப்பி நல்ல வெயில்ல காய வைங்க. இலை ரெண்டு நாள்ல காய்ஞ்சிடும், தண்டு காயாது. தண்டை ஒடிச்சா மொடக்குன்னு ஒடியணும். உள்ளே சோறுங்கிற மெத்துன்னு இருக்குற நடுப்பகுதி ஈரமா இருந்தா இன்னும் காயணும்.

ஆத்தூர் கறவை:
மேலே சொன்னது சயனைடுக்குச் சரி. ஆனா யூரியா போட்ட பயிர்னா நைட்ரேட்டுங்கிற இன்னொரு நஞ்சும் சேர்ந்திருக்கும். அது காய வெச்சாலும் போகாது. அடித்தண்டுலதான் அதிகம், அதனால அரை அடி விட்டு அறுங்க.

இன்னொண்ணு, ரொம்ப முக்கியம். சயனைடுன்னா ஈறும் ரத்தமும் பளிச்சுன்னு சிவப்பா இருக்கும். நைட்ரேட்னா ரத்தம் காப்பி நிறத்துல இருக்கும். ரெண்டுக்கும் மருந்து வேற. சயனைடுக்குப் போடுற சோடியம் நைட்ரைட் ஊசியை நைட்ரேட் பாதிச்ச மாட்டுக்குப் போட்டா இன்னும் மோசமாகும். மூச்சு வாங்கி, நடுங்கி, நுரை தள்ளினா உடனே கால்நடை ஆம்புலன்ஸ் 1962-க்குக் கூப்பிட்டு நிறத்தையும் சொல்லுங்க, யூரியா போட்டதையும் சொல்லுங்க.

மரவள்ளித் தோட்டம்:
மரவள்ளித் தழையிலயும் அதே சயனைடுதான். பச்சையாப் போடாதீங்க. ரெண்டு அங்குலத் துண்டா நறுக்கி, களத்துல பரப்பி, மூணு நாள் புரட்டிப் புரட்டிக் காய வைங்க. கையில நொறுங்கணும். குவிச்சு வெச்சா உள்ளே புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும். முதல் வாரம் ஆட்டுக்கு ஒரு கைப்பிடி போதும். ஜவ்வரிசி ஆலையில மிஞ்சுற மரவள்ளிச் சக்கையான திப்பியும் திடீர்னு நிறையப் போடக் கூடாது. மாவுச்சத்து வயித்துல புளிச்சு அசை நின்னுடும்.

ஓமலூர் மானாவாரி:
யூரியா ஒரு தடவை போட்டிருக்கு. நாளைக்கே மழை வந்து பயிர் நிமிர்ந்துட்டா?

தீவனக்காரர்:
அப்பதான் ஆபத்து கூடுதல். மழைக்கு வர்ற புதுத்தளிரும், அறுத்த இடத்துல துளிர்க்கிற மறுதாம்பும்தான் சயனைடு அதிகம் உள்ளது. ரெண்டு வாரமாவது வேலியை அடைச்சு வைங்க.