தஞ்சாவூரில் கடைசி ஓவர் வரை உட்கார விடும் பார் உண்டா?

வரும் சனிக்கிழமை எங்கள் பழைய வாலிபால் டீம் கூடுகிறது. ஆறு பேர், கும்பகோணம், திருவையாறு, ஒரத்தநாடு பக்கமிருந்து வருகிறார்கள். அன்னை சத்யா ஸ்டேடியத்தில் கொஞ்சம் ஆடிவிட்டு, அப்புறம் சாப்பிட்டுக்கொண்டே ஐபிஎல் பார்க்க வேண்டும். இடம்தான் அமையவில்லை.

மேட்ச் இரவு 7.30க்கு. முடிய பதினொன்று ஆகிவிடும். டாஸ்மாக் பாரோ 10 மணிக்கு மூடிவிடும். சேஸிங் சூடுபிடிக்கிற நேரத்தில் "கணக்கை முடிங்கண்ணே" என்று டேபிளைத் துடைக்க வந்துவிடுவார்கள்.

பக்கத்து பாரில் டிவி உண்டு, ஆனால் பாட்டு சேனலை மாற்ற விடுவதில்லை. ஆம்லெட் மட்டும் அருமை. மிளகு தூக்கலாக, ஓரம் முறுகலாக. பரோட்டா கடையில் டிவியே இல்லை. லாட்ஜில் ஹால் கேட்டோம், தண்ணி என்றதும் கைவிரித்துவிட்டார்கள். நண்பன் வீட்டு மொட்டை மாடியும் இல்லை, மாமியார் வந்திருக்கிறாராம்.

நாலு பேருக்கு பீர், மற்ற இருவருக்குப் பன்னீர் சோடா போதும்; வண்டி ஓட்டப்போவதும் அவர்கள்தான். ஒருவன் சுத்த சைவம். தலைக்கு 800 ரூபாய் வரை சரி.

ஸ்டேடியத்திலிருந்து ஆட்டோவில் போகிற தூரத்தில், முறையான லைசென்ஸோடு, மேட்ச் முடியும்வரை டிவி முன்னால் உட்கார விடுகிற ஓட்டல் பார் எது?