தன்னார்வத் தீயணைப்புப் பணியும் இதய நலமும்: 45 வயதில் எதைக் கவனிக்க வேண்டும்?

கேள்வி:
நியூ ஜெர்சியில் தன்னார்வத் தீயணைப்பு வீரராக இருக்கிறேன். எங்கள் நிலையத்தின் மூத்தவர் ஒருவர், தீயை அணைத்துத் திரும்பிய சில மணி நேரத்தில் மாரடைப்பால் காலமானார். தீக்காயம் ஏதும் இல்லாதவருக்கு இது ஏன் நேர்ந்தது? 45 வயதான நான் எப்படித் தயாராக வேண்டும்?

மறுமொழி 1:
உங்கள் இழப்புக்கு என் ஆழ்ந்த இரங்கல். அமெரிக்காவில் பணியின்போது இறக்கும் தீயணைப்பு வீரர்களில் ஏறத்தாழ 45 விழுக்காட்டினரின் உயிரைப் பறிப்பது இதய நோயே என்று 2007இல் வெளியான ஹார்வர்டு ஆய்வு காட்டியது. அபாய மணி ஒலித்தவுடன் இதயத் துடிப்பு சட்டென உயர்கிறது; கனத்த பாதுகாப்பு உடையோடும் சுவாசக் கருவியோடும் வெப்பத்தில் உழைத்து வியர்வையாக நீரை இழக்கும்போது, இரத்தம் எளிதில் உறையும் நிலையை அடைகிறது; புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடோ இரத்தம் சுமக்கும் ஆக்சிஜனைக் குறைத்துவிடுகிறது. இதயக் குழாய்களில் ஏற்கெனவே கொழுப்பு படிந்திருப்பவருக்கு இவை ஒன்றுசேர்வது பேராபத்து.

மறுமொழி 2:
இண்டியானாவில் 1,104 ஆண் வீரர்களைப் பத்தாண்டுகள் கவனித்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. நாற்பதுக்கு மேல் தண்டால் எடுத்தவர்களுக்கு, பத்துக்கும் குறைவாக எடுத்தவர்களைவிட இதய நோய் நிகழ்வுகள் 96 விழுக்காடு குறைவாக இருந்தன. தண்டாலே மருந்து என்று கொள்ளாதீர்கள். அது உடல்தகுதியின் ஓர் அளவுகோல் மட்டுமே. முதலில் இரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை ஆகியவற்றைப் பரிசோதித்து, ட்ரெட்மில் சோதனை வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தயவுசெய்து, நெஞ்சில் சிறு இறுக்கம் தோன்றினாலும் களத்திலேயே தலைவரிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இந்த வாரமே மருத்துவரைப் பார்க்கிறேன்.