நைல் நதி சிவந்த படம்: எரஸ்டஸ் ஃபீல்டின் கைவேலையாக இருக்குமா?

வெள்ளவத்தைப் பேத்தி

அனைவருக்கும் வணக்கம். என் அம்மம்மாவின் மானிப்பாய் வீட்டு விறாந்தையில் தொங்கிய படமொன்று, 1995 இடப்பெயர்வின்போது சட்டத்திலிருந்து கழற்றப்பட்டு, பழைய சேலையொன்றில் சுற்றப்பட்டு, பல இடங்கள் மாறிக் கொழும்புக்கு வந்து சேர்ந்தது. உயர்ந்த தூண்களுடைய மாளிகை, படிகளில் எகிப்து மன்னன் பார்வோனும் அரண்மனையாரும், கோலை நீட்டியபடி மோசேயின் அண்ணன் ஆரோன், கீழே இரத்தமாகச் சிவந்த ஆறு. வேதாகமத்தில் நைல் நதி இரத்தமாக மாறும் யாத்திராகமம் 7ஆம் அதிகாரக் காட்சி என்பதில் ஐயமில்லை.

அண்மையில் வாஷிங்டன் தேசிய ஓவியக் கூடத்தின் தளத்தில், எரஸ்டஸ் சாலிஸ்பரி ஃபீல்ட் என்ற அமெரிக்கர் இதே காட்சியை வரைந்த ஓவியத்தைக் கண்டேன். தூண்களின் வரிசையும் தண்ணீரின் நிறமும் எங்கள் படத்தை அப்படியே நினைவூட்டின. அமெரிக்க மிஷனரிமார் மானிப்பாயில் நெடுங்காலம் பணி செய்தவர்கள் ஆகையால், இது அவர் கைபட்ட ஓவியமாக இருக்கக்கூடுமா? மேற்பரப்பில் துணியின் நெசவு போன்ற தடம் தெரிகிறது, வார்னிஷும் பூசப்பட்டிருக்கிறது.

தெகிவளைத் தூரிகை

உங்கள் கேள்வி என்னை மிகவும் ஈர்த்தது. ஏனெனில் ஃபீல்டைப் பற்றித் தமிழில் எவரும் கேட்டு நான் கண்டதில்லை. 1805இல் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் லெவரெட் என்ற சிற்றூரில் பிறந்து, 1900இல் இறந்தவர் அவர். நியூயோர்க்கில் சாமுவேல் மோர்ஸிடம், அதாவது பின்னாளில் தந்தியால் பெயர்பெற்ற அதே மோர்ஸிடம், சில மாதங்கள் மட்டும் ஓவியம் பயின்றார். பின்பு ஊர் ஊராகச் சென்று குடும்பங்களின் உருவப்படங்களை வரைந்து பிழைத்தார். புகைப்படக் கலை வந்து அந்தத் தொழிலை அரித்தபோது தாமும் அதைக் கற்றுக்கொண்டார். 1859இல் மனைவியை இழந்த பின்னர், வேதாகமக் காட்சிகளிலேயே பெரிதும் மனம் ஊன்றினார். எகிப்தின்மேல் கடவுள் அனுப்பியதாக வேதாகமம் சொல்லும் வாதைகளைத் தொடராக வரைந்தது அந்தக் காலத்தில்தான்.

இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். ஃபீல்ட் எகிப்தைக் கண்டவர் அல்லர். ஜோன் மார்ட்டின், ரிச்சர்ட் வெஸ்டால் ஆகிய ஆங்கில ஓவியர்களின் வேதாகமச் செதுக்குப் படங்கள் அச்சாகி எங்கும் பரவியிருந்தன. முடிவில்லாமல் நீளும் தூண் வரிசையும் மனிதரைச் சிறிதாக்கும் மாளிகையும் அத்தகைய அச்சுகளிலிருந்து அவர் எடுத்தாண்டவை. அதே அச்சுகளைப் பார்த்து வேறு பலரும் வரைந்திருக்கிறார்கள். ஆகவே அமைப்பு ஒத்திருப்பதால் கை ஒன்றாகிவிடாது. இரண்டு படங்களுக்கும் ஒரே தாய்ப்படம் இருந்தது என்றுதான் அது காட்டும்.

துணி நெசவும் வார்னிஷும்கூடச் சான்றாகா. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஓலியோகிராப் எனப்பட்ட வண்ண அச்சுப் படங்களுக்குத் துணித் தடம் அழுத்தி, வார்னிஷ் பூசி, எண்ணெய் ஓவியம் போலவே விற்றார்கள். நம் வீடுகளில் தொங்கிய ரவி வர்மா படங்கள் பலவும் அவ்வகையே. பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியால் ஆரோனின் முகத்தைப் பாருங்கள். மயிர்த்தூரிகை இழுத்த மேடுபள்ளம் தெரிகிறதா, அல்லது பல நிறப் புள்ளிகள் நெருங்கி நிற்கின்றனவா? தயவுசெய்து ஈரத்துணியால் துடைக்க வேண்டாம்.

மானிப்பாயான்

தூரிகை சொன்னதை ஏற்றுக்கொண்டே ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். 1816 முதல் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய அமெரிக்க மிஷனின் வேர் நியூ இங்கிலாந்தின் சபைகளில்தான் இருந்தது. 1823இல் வட்டுக்கோட்டைக் கல்லூரியைத் தொடங்கிய டானியல் பூவரும், 1847இல் வந்து பின்னர் மானிப்பாயில் தமிழிலே மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீனும் மசாசூசெட்ஸில் பிறந்தவர்களே. ஃபீல்டின் வாதைத் தொடரும் அதே மாநிலத்தின் வட அம்ஹர்ஸ்ட் கோயிலுக்காக வரையப்பட்டதாகவே கருதப்படுகிறது. எனவே ஓவியர் வேறானாலும், உங்கள் அம்மம்மாவும் ஃபீல்டின் அயலவரும் ஒரே வகைச் சபையில் ஒரே அதிகாரத்தைப் படம் பார்த்துப் படித்திருக்கிறார்கள். எனக்கு அது சிறிய உறவாகத் தோன்றவில்லை. படத்தின் பின்புறத்தைப் பார்த்தீர்களா?

வெள்ளவத்தைப் பேத்தி

இருவருக்கும் நன்றி. நகை வேலை செய்யும் மாமாவிடம் கண்ணாடியை இரவல் வாங்கிப் பார்த்தேன். ஆரோனின் கன்னத்தில் இளஞ்சிவப்பும் மஞ்சளும் பழுப்பும் மணல் போலப் புள்ளி புள்ளியாக நிற்கின்றன. கிழிந்த மூலையில் துணியின்மேல் ஒட்டிய காகிதமும் தெரிகிறது. அச்சுப் படம்தான்.

பின்புறத்தில், சேலையின் நூல் ஒட்டியிருந்த இடத்தில், மங்கிய பென்சிலில் "ஞாயிறு பாடசாலை, யாத். 7" என்று எழுதியிருக்கிறது. அம்மம்மாவின் கையெழுத்தேதான், "று"வின் வாலை அவர் இழுக்கும் விதத்தை நான் அறிவேன். அவர் அங்கே படிப்பித்தார் என்பது எங்களுக்கு இதுவரை தெரியாது. இதைச் சட்டம் போட்டுப் பாதுகாக்க என்ன செய்ய வேண்டும்?

தெகிவளைத் தூரிகை

முதலில் அந்த எழுத்தைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். சட்டம் போடுபவர் அளவுக்குப் பொருத்துவதற்காக ஓரத்தை வெட்டவோ, புதிய அட்டையில் ஒட்டவோ முனைந்தால் இடங்கொடாதீர்கள். ஒட்டினால் எழுத்து போய்விடும். அமிலமற்ற அட்டை கேளுங்கள், கண்ணாடி படத்தின்மேல் படாமல் இடைவெளி விடச் சொல்லுங்கள். கடற்காற்று நேரே அடிக்கும் சுவரில் மட்டும் மாட்ட வேண்டாம்.