உப்பு-மிளகுத் தூள் மலையில் கட்டி தட்டுகிறது: கட்டி தடுக்கும் ‘ஐஎன்எஸ் 554’ சேர்ப்பவர்கள் உதவுங்கள்

வணக்கம். ஏற்காட்டு மிளகும் தூள் உப்பும் கலந்த தூவல் பொடி, செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு சிறு மசாலா யூனிட்டில் தயாராகிறது. சேலத்தில் பொலபொலவென்று இருக்கும் பாக்கெட், மழைக்காலத்தில் ஏற்காட்டுக் கடைகளுக்குப் போனதும் கல்லாகிவிடுகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே நீரை இழுக்கும்.

இதற்காகச் சோடியம் அலுமினோசிலிக்கேட், அதாவது ஐஎன்எஸ் 554 (உணவுச் சேர்க்கைப் பொருளுக்கான சர்வதேச எண்), 1 சதவீதம் சேர்க்கிறோம்: 25 கிலோவுக்கு 250 கிராம். நேராகக் கொட்டினால் திட்டுத் திட்டாக நின்றுவிடும். அதனால் முதலில் 2.25 கிலோ உப்போடு கலந்து சலித்து, பிறகு மீதியோடு ரிப்பன் பிளெண்டரில் 10 நிமிடம். அரைத்த மிளகின் சூடு முழுக்க ஆறிய பிறகே பாக்கெட். சூட்டோடு அடைத்தால் உள்ளே வியர்த்துவிடும். அப்புறம் எதைச் சேர்த்தும் பயனில்லை.

அளவைக் கூட்ட விருப்பமில்லை. இது நீரில் கரையாது, கூடினால் மோரில் போட்டதும் அடியில் வெள்ளையாகத் தங்கும். அமெரிக்க விதியும் 2 சதவீதத்தோடு நிறுத்துகிறது. சோப்புத்தூளுக்கு வரும் ஜியோலைட்டும் இதே குடும்பம்தான், ஆனால் உணவுத் தரம் அல்ல. மலிவு என்று அதை மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள்.

இதே அளவில் 551, அதாவது சிலிக்கான் டை ஆக்சைடு, மலை ஈரத்தில் கூடுதலாகத் தாங்குகிறதா? பொடியைத் தொடாமல் பாக்கெட் ஃபிலிமை மட்டும் மாற்றிச் சரிசெய்தவர்கள் இருந்தால், எத்தனை மைக்ரான், எத்தனை அடுக்கு என்று சொல்லுங்கள். ஈயம், ஆர்சனிக் அளவு காட்டும் சான்றோடு 5 கிலோ மூட்டையாக 554 சேலத்தில் எங்கே கிடைக்கும்?