டியூக் 2024-25: ஃப்ளாக்குக்குப் பக்கத்தில் சென்டராக மலுவாச்சா, மலீக் பிரவுனா?

ஸ்கோர்ஷீட் | 15 அக்டோபர் 2024

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துக்கு ஏபி செய்தி நிறுவனம் போடும் சீசன் முன்பட்டியல் நேற்று வந்தது. கான்சாஸ் முதலிடம், டியூக் ஏழாவது. அந்த ஏழே தாராளம் என்பது என் கட்சி.

போன சீசன் 27-9, தேசியப் போட்டியில் எலைட் எயிட் (கடைசி எட்டு) வரை போனார்கள். அந்த அணியில் அதிகம் அடித்த நான்கு பேரும் இப்போது இல்லை. ஃபிலிபாவ்ஸ்கி (16.4), மெக்கேன் (14.3) இருவரும் என்பிஏ. ரோச் (14.0) பேய்லருக்கும் மிச்செல் (11.6) மிசூரிக்கும் மாறிவிட்டார்கள். ஆட்டத்துக்கு 56.3 பாயிண்ட் காலி. ரொட்டேஷனில் இருந்தவர்களில் மிச்சம் இரண்டே பேர்: ப்ராக்டர் 10.5, ஃபாஸ்டர் 7.7. இதற்கு மேல் ஆறு புதுமுகங்கள். அவர்களில் கூப்பர் ஃப்ளாக் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் டிசம்பர் 21 வரை அவருக்கு வயது 17தான். ஜூலையில் லாஸ் வேகஸில் அமெரிக்க ஒலிம்பிக் அணியோடு பயிற்சி ஆட்டத்தில் கலக்கினார், சரி. அது ஓரிரு நாள் கூத்து. ஏசிசியில் (டியூக் ஆடும் லீக்) ஜனவரி முழுக்க வாரத்துக்கு இரண்டு ஆட்டம் ஆடுவது வேறு.

ஆறாவது ஆள்

பாயிண்டைக் கூட்டிக் கழிப்பதால் இந்த அணி புரியாது சார். போன இரண்டு வருஷமும் தேசியப் போட்டியில் இவர்கள் எங்கே தோற்றார்கள் என்று பாருங்கள். 2023இல் டென்னசி 65-52 என்று உடம்பைப் போட்டு அமுக்கியது. 2024இல் என்சி ஸ்டேட் 76-64. பாதி நேரத்தில் 27-21 என்று டியூக்தான் முன்னிலை. இரண்டாம் பாதியில் 55 விட்டுக் கொடுத்தார்கள். அவர்களின் கனத்த ஆள் டி.ஜே. பர்ன்ஸ் மட்டும் 29. இரண்டு தோல்வியிலும் வலுவான உடம்புக்கு முன்னால் நிற்க ஆள் இல்லை.

பயிற்சியாளர் ஷையர் இந்தக் கோடையில் அதைத்தான் சரி செய்திருக்கிறார். 7 அடி 2 அங்குல புதுமுக சென்டர் காமான் மலுவாச் வந்திருக்கிறார். துலேனிலிருந்து சயான் ஜேம்ஸ்: 6 அடி 6 அங்குலம், கட்டுமஸ்தான கார்டு, கல்லூரியில் ஐந்தாவது வருஷம், போன சீசன் 14 பாயிண்ட். பர்டியூவிலிருந்து மேசன் கில்லிஸ், சிரக்யூஸிலிருந்து மலீக் பிரவுன். புதுமுகங்களைச் சுற்றி வயதான தோள்கள். 2015 கோப்பை அணியில் ஒக்காஃபோர், வின்ஸ்லோ, டயஸ் ஜோன்ஸ் எல்லாம் புதுமுகம்தான், பக்கத்தில் குயின் குக் என்ற சீனியர் இருந்தார். இந்த வருஷம் மூன்று குயின் குக் இருக்கிறார்கள்.

பாக்ஸ்அவுட் பாண்டி

பர்ன்ஸ் 29 அடித்தபோது டியூக்கின் சென்டர் ஃபிலிபாவ்ஸ்கி, 7 அடி. உயரம் போதவில்லை என்று அந்த ஆட்டம் சொல்லவே இல்லை. பர்ன்ஸ் முதுகைக் கொடுத்து இரண்டு இடி இடித்து, பெயிண்டுக்குள் (ரிங்குக்குக் கீழுள்ள கட்டம்) கால் வைத்த பிறகுதான் பந்தைத் தூக்கினார். அதைத் தடுக்க வேண்டிய இடம் பந்து கைக்கு வருவதற்கு முன்னால். முன்பக்கமாக முக்கால் உடம்பைக் கொடுத்து, பிடிக்கும் இடத்தை நாலடி வெளியே தள்ள வேண்டும். அந்த வேலைக்கு வேகமான கால் உள்ள பிரவுன்தான் சரி. சிரக்யூஸில் ஆட்டத்துக்கு 2.2 ஸ்டீல் (பந்தைப் பறிப்பது), ஏசிசி டிஃபென்ஸ் அணியில் இடம், 7 ரீபவுண்டுக்கு மேல். சென்டர் ஆடும் ஆளுக்கு 2.2 ஸ்டீல் என்பது அபூர்வம்.

ஆட்டத்தைத் தொடங்க என் ஐந்து: ப்ராக்டர், ஜேம்ஸ், கனிப்பல் (இன்னொரு புதுமுகம், ஷூட்டர்), ஃப்ளாக், பிரவுன். மலுவாச் பெஞ்சிலிருந்து.

ஆறாவது ஆள்

பாண்டி அண்ணே, ஜேம்ஸ் விஷயத்தில் ஒத்துப்போகிறேன். சென்டரில் முடியாது.

கல்லூரியில் தடுப்பவருக்கு மூன்று விநாடி விதி கிடையாது. என்பிஏ மாதிரி பெயிண்டை விட்டு வெளியே போய் வர வேண்டாம், மலுவாச் அங்கேயே குடியிருக்கலாம். ஸ்க்ரீன் (தடுப்பவன் வழியில் உடம்பை நிறுத்துவது) வந்தால் அவர் பின்வாங்கி ஃப்ரீ த்ரோ கோட்டுக்கும் ரிங்குக்கும் நடுவில் நிற்பார். ஸ்க்ரீனுக்கு மேல் பக்கமாக ஜேம்ஸோ ப்ராக்டரோ விரட்டி வந்து, பந்து வைத்திருப்பவனின் முதுகிலேயே ஒட்டிக்கொள்வார்கள். அவனுக்கு மிச்சம் 15 அடி தூரத்தில் சட்டென நின்று போடும் புல்-அப். கல்லூரி கார்டுகளில் அதை 40 நிமிடமும் போடக்கூடியவன் எத்தனை பேர்? இன்னொரு லாபம்: பின்னால் மலுவாச் இருந்தால் ஃப்ளாக் உதவிக்கு ஓடி வர வேண்டாம். ஓரத்தில் பதுங்கி பாஸை மறிக்கலாம், பின்பக்கமாக வந்து பிளாக் போடலாம். அதுதான் ஃப்ளாக்கின் பெரிய ஆயுதம்.

கோட்டோர ஷூட்டர்

தடுப்பிலேயே நிற்கிறீர்களே, பந்து கையில் இருக்கும்போது என்ன ஆகும்? மலுவாச் ரிங்குக்குப் பக்கத்தில் பேஸ்லைன் ஓரமாக நின்றால், அவரைக் காக்கும் ஆளும் அங்கேயே நிற்பான். ஃப்ளாக் வெட்டி உள்ளே வரும்போது மோதுவது அந்த ஆள்மீதுதான். மான்ட்வெர்ட் பள்ளியில் 33-0 என்று போன வருஷம் அவரைச் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் மேல்மட்ட ஆட்டக்காரர்கள், அவரிடம் மட்டும் யாரும் குவிய முடியவில்லை. இங்கே அவருடைய த்ரீ (மூன்று பாயிண்ட் ஷாட்) எந்த அளவு விழும் என்பது இன்னும் கேள்விக்குறி. வெளியிலிருந்து போட முடியாத இரண்டு பேர் உள்ள ஐவரை இறக்கினால் என்ன ஆகும் என்று 2019 டியூக் ரசிகர்களைக் கேளுங்கள். சயன் வில்லியம்சன், பேரட், ரெடிஷ் மூவரும் இருந்தும் எலைட் எயிட்டில் மிச்சிகன் ஸ்டேட்டிடம் 68-67.

ஆறாவது ஆள்

மலுவாச்சை அங்கே ஏன் நிறுத்துகிறீர்கள்? அவரையே ஸ்க்ரீன் போட வையுங்கள். ப்ராக்டர் மேலே பந்தோடு, மலுவாச் ஸ்க்ரீன் போட்டு ரிங்கை நோக்கி ஓட்டம். இரண்டு மூலையிலும் கனிப்பல், ஃபாஸ்டர். ஃப்ளாக் பந்துக்கு எதிர்ப்பக்கம், 45 டிகிரியில். ரிங்குக்கு மேலே தூக்கிப் போடும் லாப் பாஸைத் தடுக்க யாராவது உள்ளே இறங்கியே ஆக வேண்டும். இறங்குவது பெரும்பாலும் ஃப்ளாக்கின் ஆள். அவன் தலை திரும்பிய நொடியில் ஃப்ளாக் பின்னால் வெட்டி வருவார். ஃபாஸ்டர் போன வருஷம் த்ரீயில் 40%க்கு மேல், மூலையை விட்டு யாரும் நகர மாட்டார்கள்.

பாக்ஸ்அவுட் பாண்டி

காகிதத்தில் அழகு. லாப் கொடுக்க முடியாத இடத்தில் பாஸ் இடுப்பு உயரத்தில்தான் வரும். நெரிசலில் அதைப் பிடித்து, மறுபடி நெஞ்சுக்குக் கீழே இறக்காமல் மேலே கொண்டுபோக வேண்டும். இளம் சென்டர்கள் பத்தில் ஒன்பது பேர் பந்தைக் கீழே இறக்குவார்கள், ஆறடி கார்டு வந்து தட்டிவிட்டுப் போவான். இது நவம்பரில் சரியாகிற விஷயம் இல்லை.

இன்னொன்றை யாருமே பேசவில்லை. மலுவாச் வளர்ந்தது ஃபீபா (சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) விதியில். ஆப்பிரிக்க என்பிஏ அகாடமி, பிறகு தெற்கு சூடானுக்காகப் பாரிஸ் ஒலிம்பிக். ஃபீபாவில் ஷாட் ரிங்கில் பட்டுவிட்டால் பந்து மேலே இருந்தாலும் யார் வேண்டுமானாலும் தட்டலாம். கல்லூரியில் ரிங்குக்கு மேலுள்ள கற்பனை உருளைக்குள் கை போனால் தடுப்பவருக்கு நஷ்டம் இரண்டு பாயிண்ட், அடிக்கும் அணி தொட்டால் கூடை ரத்து. கை தானாகப் போகும். அந்தப் பழக்கத்தை விட நாளாகும்.

ஸ்கோர்ஷீட்

இது நல்ல குறிப்பு. கூடவே ஃபவுல் கணக்கும் மாறுகிறது. ஃபீபாவில் ஒவ்வொரு கால் பகுதிக்கும் அணி ஃபவுல் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். இங்கே ஒரு பாதி முழுக்க ஒரே கணக்கு: ஏழாவதில் ஒன்-அண்ட்-ஒன் (முதல் ஃப்ரீ த்ரோ விழுந்தால்தான் இரண்டாவது), பத்தாவதில் இரண்டு ஃப்ரீ த்ரோ. மலுவாச் பாதியின் ஆரம்பத்தில் செய்யும் அற்ப ஃபவுலுக்குக் கடைசி ஆறு நிமிடத்தில் மொத்த அணியும் வட்டி கட்டும்.

கோட்டோர ஷூட்டர்

பிரவுனும் த்ரீ போடுகிறவர் இல்லையே, அதற்கு என்ன பதில் என்று கேட்பீர்கள். போன வருஷம் 70%க்கு அருகில் அடித்தார், ஏறக்குறைய எல்லாமே ரிங்குக்குக் கீழே. ஆனால் அவர் நிற்கும் இடம் வேறு. ஃப்ரீ த்ரோ கோட்டின் ஓரத்தில், 'முழங்கை' என்கிற முனையில் பந்தை வாங்குவார். அவரைக் காப்பவன் பின்வாங்கி உள்ளே நின்றால் நல்லதாகப் போயிற்று: கனிப்பல் அவரிடம் ஓடி வந்து கையிலிருந்தே பந்தை வாங்குவார். கனிப்பலின் ஆள் பிரவுன் உடம்பில் மாட்டிக்கொள்வான், பின்வாங்கியவன் வெளியே வர நேரம் இருக்காது. சும்மா த்ரீ. மலுவாச்சிடம் இந்த ஆட்டத்தை எதிர்பார்க்க முடியாது.

ஆறாவது ஆள்

அதே பிரவுன் எல்லா ஸ்க்ரீனிலும் ஆள் மாற்றிக்கொண்டால், அவர் கார்டைத் துரத்திக்கொண்டு வெளியே போய்விடுவார். பின்னால் எதிரணி சென்டரை யார் பாக்ஸ்அவுட் செய்து அடைப்பது? 183 பவுண்டு ப்ராக்டரா? ஷாட் தவறினால் பந்து அவன் கையில். நீங்கள் வைத்திருக்கும் பெயருக்காவது இதை யோசித்திருக்க வேண்டும் பாண்டி அண்ணே.

பாக்ஸ்அவுட் பாண்டி

சிரித்துவிட்டேன். பதில் இருக்கிறது: மாறிய உடனே பின்பக்கம் இன்னொரு மாற்று. பாஸ் காற்றில் இருக்கும்போதே ஃப்ளாக் ப்ராக்டரை வெளியே தள்ளிவிட்டுத் தான் சென்டரை எடுத்துக்கொள்ள வேண்டும். இதற்கு வாய் திறந்து கத்தும் ஐந்து பேர் வேண்டும். ஒருவர் அரை விநாடி தாமதித்தாலும் மூலையில் ஒருவன் காலியாக நிற்பான். அக்டோபரில் இது ஓட்டை உடைசலாகத்தான் இருக்கும், ஒப்புக்கொள்கிறேன்.

ஸ்கோர்ஷீட்

சரி, நிமிடம் பிரித்துக் காட்டுங்கள் யாராவது. ஐந்து இடம், தலா 40 நிமிடம், மொத்தம் 200 நிமிடம். எல்லாரையும் ஆட வைப்பேன் என்று சொல்வது சுலபம்.

ஆறாவது ஆள்

ஃப்ளாக் 32, ப்ராக்டர் 30, கனிப்பல் 29, ஜேம்ஸ் 25, ஃபாஸ்டர் 22, மலுவாச் 21, பிரவுன் 18, கில்லிஸ் 14, எவன்ஸ் (இவரும் புதுமுகம்) 9. கூட்டிப் பாருங்கள், 200.

மலுவாச்சை டிவி இடைவேளையை வைத்து ஓட்டுவது நல்லது. பாதிக்கு நான்கு இடைவேளை. 16, 12, 8, 4 நிமிடம் தாண்டி ஆட்டம் முதலில் நிற்கும்போது வரும். ஆரம்பத்திலிருந்து முதல் இடைவேளை வரை ஒரு தவணை, 12இல் திரும்பி வந்து இன்னொரு தவணை. தலா ஐந்து நிமிடம். மூச்சு வாங்குவதற்குள் வெளியே. முதல் பாதியில் இரண்டு ஃபவுல் ஆனால் மிச்சம் முழுக்கப் பிரவுன்.

கோட்டோர ஷூட்டர்

கில்லிஸுக்கு 14தானா? பர்டியூவில் த்ரீ 46.8%, பிக் டென் லீக்கில் பெஞ்சிலிருந்து வருபவர்களில் சிறந்தவருக்கான 'ஆறாவது ஆள்' விருது, ஏப்ரலில் இறுதி ஆட்டம் வரை போனவர்.

ஸ்கோர்ஷீட்

அந்த 46.8இல் பாதி புண்ணியம் பர்டியூ சென்டர் சாக் எடீக்கு. இரண்டு மூன்று பேர் அவர்மேல் விழுந்துகொண்டிருந்தால் மூலையில் நிற்பவனுக்குக் கால் ஊன்றி, மூச்சு விட்டு, பிறகு போட நேரம் இருக்கும். டியூக்கில் அந்த நேரத்தை யார் வாங்கிக் கொடுப்பார்? கணக்கிலும் ஒரு ஓட்டை: மலுவாச், பிரவுன் சேர்ந்து 39. சென்டரில் ஒரு நிமிடம் அநாதையாக நிற்கிறது. இன்னொரு புதுமுக சென்டர் இங்கோங்பா கால் காயத்திலிருந்து மீண்டு வரும் பிள்ளை, ஆரம்பத்தில் அவரை நம்ப முடியாது.

ஆறாவது ஆள்

அந்த ஒரு நிமிடம் ஃப்ளாக் சென்டர். ப்ராக்டர், ஜேம்ஸ், கனிப்பல், கில்லிஸ், ஃப்ளாக். ஐந்து பேரும் வெளியே நின்று ஆடலாம். மூன்று பாயிண்ட் பின்தங்கி 40 விநாடி மிச்சம் இருக்கும்போது இறக்க வேண்டிய ஐவர் இது.

எனக்கு நிஜக் கவலை ப்ராக்டர்தான், சென்டர் இல்லை. ரோச் போன பிறகு அழுத்தம் வந்தால் பந்தை மேலே கொண்டுவருவது அவர் பொறுப்பு. 3.7 அசிஸ்ட் நல்ல எண், ஆனால் அது ரோச் பக்கத்தில் இருந்தபோது. என்சி ஸ்டேட் ஆட்டத்தில் ஒரு பாயிண்ட்கூட அடிக்கவில்லை. ஃபாஸ்டர் போன சீசனின் கடைசிப் பகுதியைக் கணுக்கால் காயத்தில் இழந்தவர். இருவரில் ஒருவர் சறுக்கினாலும் ஃப்ளாக்கே பந்தைக் கொண்டுவர வேண்டிவரும். 94 அடி தினமும் அவர் டிரிபிள் செய்தால் மறுமுனையில் டிஃபென்ஸுக்குக் கால் இருக்காது.

பாக்ஸ்அவுட் பாண்டி

அதில் தகராறு இல்லை. ஜேம்ஸ் ஐந்தில் இருக்க வேண்டும் என்று நான் சொன்னதும் அதற்குத்தான், அவரும் பந்தைக் கொண்டுவருவார்.

அட்டவணைக்கு வருவோம். நவம்பர் 12, அட்லாண்டா, கென்டக்கி. பயிற்சியாளர் மார்க் போப்பின் ஆட்டம்: வெளியே பரப்பி நிறுத்தி த்ரீயாகப் போடுவார்கள், சென்டர் அமரி வில்லியம்ஸ் மேலே நின்று பாஸ் கொடுப்பவர். அங்கே மலுவாச் பின்வாங்கி நின்றால் யாரைக் காப்பார்? என் பிரவுன் 28 நிமிடம் ஆட வேண்டிய ஆட்டம்.

ஆறாவது ஆள்

நவம்பர் 26, லாஸ் வேகஸ், கான்சாஸ். அவர்களின் சென்டர் ஹன்டர் டிக்கின்சன், 7 அடி 2 அங்குலம். உங்கள் பிரவுன் முன்பக்கம் முக்கால் உடம்பைக் கொடுத்தால் அவர் தலைக்கு மேலேயே பாஸ் போகும். டிசம்பர் 4 கேமரூனில் (டியூக்கின் சொந்தக் களம்) ஆபர்ன், அவர்களின் பெரிய ஆள் ஜோனி ப்ரூம். அங்கேயும் எனக்கு மலுவாச்தான்.

கோட்டோர ஷூட்டர்

ஆக, கென்டக்கிக்குப் பிரவுன், கான்சாஸுக்கு மலுவாச். நவம்பர் 22 டூசானில் அரிசோனா? அவர்களின் கார்டு கேலப் லவ் ஸ்க்ரீன் தாண்டியதும் எழும்பிப் போடும் ஆள். ஆறாவது ஆள் சொன்ன அந்த 15 அடிப் புல்-அப்பை விரும்பி எடுப்பார், வாய்ப்புக் கிடைத்தால் த்ரீயாகவே போடுவார்.

ஆறாவது ஆள்

அவர் எடுக்கட்டும் என்றுதான் விடுவேன். லவ் இருபது ஷாட் எடுத்தால் மற்ற நால்வரும் ஆடவில்லை என்று அர்த்தம். ஜேம்ஸ் மட்டும் முதுகில் ஒட்டி இருந்தால் போதும்.

பாக்ஸ்அவுட் பாண்டி

சூடான நாளில் லவ்வை விட்டால் என்ன ஆகும் என்று 2022 ஃபைனல் ஃபோரில் டியூக்கே பார்த்தது. அப்போது நார்த் கரோலினாவில் இருந்தவர், 28 அடித்தார். நார்த் கரோலினா 81-77 என்று வென்றது. அன்றைக்கும் எடுக்கட்டும் என்று விட்டிருப்பார்கள்.

ஸ்கோர்ஷீட்

19ஆம் தேதி லிங்கனோடு காட்சி ஆட்டம், 27இல் அரிசோனா ஸ்டேட். லிங்கன் ஆட்டத்தில் ஸ்கோரைப் பார்க்காதீர்கள், அது எப்படியும் ஒருதலைப்பட்சமாகத்தான் இருக்கும். பார்க்க வேண்டியது: மலுவாச் இடுப்பு உயரப் பாஸைப் பிடித்தபின் பந்து எங்கே போகிறது, பிரவுன் ஆள் மாற்றியதும் பின்பக்கம் யார் கத்துகிறார்கள், ஃப்ளாக் எத்தனை தடவை பந்தைத் தானே மேலே கொண்டுவருகிறார். மூன்றையும் எண்ணிக்கொண்டு 20ஆம் தேதி இங்கே வாருங்கள். ஏழாவது இடம் தாராளமா இல்லையா என்று அப்போது சண்டை போடலாம்.

ஆறாவது ஆள்

நான்காவதாக ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: இரண்டாம் பாதியின் முதல் நான்கு நிமிடம் களத்தில் நிற்கும் சென்டர் யார் என்று. அதில் தெரிந்துவிடும் ஷையர் யார் கட்சி என்று.